வாக்கெடுப்பு மணிக்கு முன்னும் பின்னும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு மசோதா மலேசிய நாடாளுமன்றத்தில் கடக்கும் மூன்று வாசிப்புகளை (முதலில் தலைப்பு, இரண்டாவதில் விவாதம், மூன்றாவதில் இறுதி முடிவு) விளக்கியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்கள் பெரும்பாலும் அந்த வாசிப்புகளுக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பதைப் பற்றியே கேட்கின்றன. கேட்க வேண்டிய இடமும் அதுதான்.

கே: மசோதா வந்தாலே நிறைவேறிவிடுகிறது. மக்களவையில் மணிக்கணக்காகப் பேசுகிறார்களே, அதனால் ஏதாவது மாறுகிறதா? உண்மையில் சட்டத்தை எழுதுவது யார்?
வாசகர், செந்தூல்

ப: எழுதுவது சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் வரைவுப் பிரிவு. அதற்கு முன் சம்பந்தப்பட்ட அமைச்சு கொள்கையை முடிவு செய்கிறது. செலவு உண்டென்றால் நிதியமைச்சிடமும், வேறொரு துறையின் எல்லைக்குள் கால் வைத்தால் அந்தத் துறையிடமும் கருத்துக் கேட்கப்படும். அமைச்சரவை தலையசைத்த பிறகுதான் வரைவாளர் பேனாவை எடுப்பார். அவர் எழுதி முடித்தது மறுபடி அமைச்சரவைக்குப் போகும். மக்களவையில் முதல் வாசிப்பு என்ற பெயரில் தலைப்பு மட்டும் படிக்கப்படும்போது உள்ளிருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஏற்கெனவே பல மேசைகளில் பேரம் பேசப்பட்டு வந்திருக்கும்.

அமைச்சரவை ஒப்புக்கொண்டதை எதிர்த்து வாக்களிக்கும் ஆளும் தரப்பு உறுப்பினர் கொறடாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். எனவே 222 பேர் கொண்ட அவையில் முடிவு பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான். பல நேரங்களில் வாக்கு எண்ணப்படுவதுகூட இல்லை. 'யா' (ஆம்) என்று எழும் குரல் பெரிதா, 'திடாக்' (இல்லை) பெரிதா என்று சபாநாயகர் காதால் கேட்டு முடிவு சொல்லிவிடுவார். ஆள் வாரியாக எண்ண வேண்டுமானால் குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். அப்போதுதான் மணி அடிக்கும். சிற்றுண்டிச் சாலையில் இருப்பவர்கள் ஓடிவருவார்கள்.

ஓடிவராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. விசாரணைக்காக ஒருவரை 28 நாள் வரை தடுத்து வைக்க இடமளிக்கும் சொஸ்மா (பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்பு நடவடிக்கைச் சட்டம்) சட்டப்பிரிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் தீர்மானத்தால் நீட்டிக்கப்பட வேண்டும். 2022 மார்ச் 23 அன்று அந்தத் தீர்மானம் 84க்கு 86 என்று தோற்றது. மனம் மாறியவர்களைவிட வராதவர்கள்தான் அதைத் தோற்கடித்தார்கள். பாடம் கற்ற அரசாங்கம் ஜூலையில் ஆளைத் திரட்டிக்கொண்டு வந்தது. 111க்கு 88 என்று நிறைவேறியது. உங்கள் தொகுதி உறுப்பினரிடம் 'எப்படி வாக்களிப்பீர்கள்' என்று கேட்பதோடு 'அன்று இருப்பீர்களா' என்றும் கேளுங்கள்.

பேச்சு வீண் என்றும் சொல்லிவிட முடியாது. விவாதத்துக்குப் பதில் சொல்லும்போது அமைச்சர் கொடுக்கும் உறுதி நாடாளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சார்டில் ஏறிவிடும். 'இந்தப் பிரிவு சிறு வியாபாரிகள்மீது பாயாது' என்று அவர் சொல்லியிருந்தால், பின்னர் விதிமுறை எழுதும் அதிகாரிகளிடம் அந்தப் பக்கத்தை நீட்டலாம். பொறுப்பான உறுப்பினர்கள் பேசுவது பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பிடுங்குவதற்காகத்தான்.

கே: என் அக்காள் திருமணமாகிச் சென்னையில் இருக்கிறார். மலேசியத் தாய் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்குக் குடியுரிமை தரும் திருத்தத்துக்கு ஏன் இத்தனை ஆண்டு? யார் கொடுத்த அழுத்தத்தால் நடந்தது?
வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

ப: சிக்கல் ஒரே சொல்லில் இருந்தது. அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் 'தந்தை' குடிமகனாக இருக்க வேண்டும் என்றது. அதைப் 'பெற்றோரில் ஒருவர்' என்று மாற்ற வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் சாதாரணச் சட்டத்துக்கு அன்று வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும். அரசியலமைப்புக்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 பேர் வேண்டும். வராதவர், வாக்களிக்காமல் இருந்தவர் எல்லாரும் எதிர்த்தவர் கணக்குத்தான். குடியுரிமைப் பகுதி என்பதால் 159(5)ஆம் விதிப்படி மாநில மன்னர்கள் கூடும் ஆட்சியாளர் மாநாட்டின் ஒப்புதலும் தேவை. மொழி, மலாய்க்காரர்கள் மற்றும் சபா, சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலை பற்றிய 153ஆம் விதி, ஆட்சியாளர்களின் நிலை ஆகியவை இருக்கும் அதே பூட்டுக்குள்தான் இதுவும் இருக்கிறது.

அழுத்தம் முதலில் நீதிமன்றத்தில் தொடங்கியது. தாய்மார்கள் தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதைப் புரட்டியது. தோற்ற அந்தத் தீர்ப்பும் வேலை செய்தது என்பது எங்கள் கணிப்பு. 'சொல்லை நாங்கள் மாற்ற முடியாது, நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும்' என்று நீதிமன்றமே சொன்ன பிறகு அமைச்சு வழக்கைக் காட்டித் தள்ளிப்போட முடியவில்லை. 2024 அக்டோபர் 17 அன்று மக்களவையில் 206 பேர் ஆதரிக்க, ஒருவர் எதிர்க்க, திருத்தம் நிறைவேறியது.

இதே மசோதாவின் இன்னொரு பக்கத்தையும் கவனிக்க வேண்டும். தாய்மார்களுக்கான நல்ல திருத்தத்தோடு கடுமையான சில திருத்தங்களும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டிருந்தன. கைவிடப்பட்ட சிசுக்களுக்கும், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கும் தானாகக் கிடைக்கும் குடியுரிமையை எடுக்கும் இரண்டு திருத்தங்கள் முதலில் இருந்தன. பிறப்புப் பத்திரம் இல்லாப் பிள்ளைகளுக்காக உழைக்கும் அமைப்புகள் விடாமல் எதிர்த்தன. முதல் வாசிப்புக்குச் சில நாள் முன், 2024 மார்ச்சில், உள்துறை அமைச்சு அந்த இரண்டையும் கைவிட்டது. ஆனால் நிரந்தரவாசிகளுக்கு, அதாவது சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு, இங்கே பிறக்கும் பிள்ளை தானாகக் குடியுரிமை பெறும் வழியை அடைக்கும் திருத்தம் தங்கிவிட்டது. நம் சமூகத்தில் சிவப்பு அட்டைக் குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். மசோதா மேசைக்கு வருவதற்கு முன் எழுந்த எதிர்ப்பு பலித்தது. வந்த பிறகு எழுந்தது பலிக்கவில்லை. தேதியைப் பார்த்தால் போதும்.

கே: எங்கள் அடுக்குமாடிக்கு வயது 40க்கு மேல். நகரப் புதுப்பிப்புச் சட்டம் வந்தால் எங்களைக் கேட்காமலே இடித்துவிடுவார்கள் என்கிறார்கள். குடியிருப்பாளர் சங்கம் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுக்கலாமா? எப்படி எழுதுவது?
சங்கச் செயலாளர், செராஸ்

ப: முதலில் அச்சத்தை அளவிடுவோம். இப்போதுள்ள 1985ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா பட்டாச் சட்டப்படி ஓர் அடுக்குமாடியின் பட்டாக்களை ரத்து செய்ய உரிமையாளர்கள் அத்தனை பேரும் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்த நகரப் புதுப்பிப்பு மசோதா அதைத் தளர்த்தியது: 30 வயதுக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு, அதைத் தாண்டியதற்கு 75, கைவிடப்பட்டதற்கு 51. உங்களுக்கு அந்த 75தான் பொருந்தும். கேட்காமல் இடிப்பார்கள் என்பது சரியல்ல. நூற்றில் 25 பேர் மறுத்தாலும் இடிக்கலாம் என்பதுதான் சரி. ஆளும் தரப்பு பின்வரிசையினரே தயக்கம் காட்டியதால் இரண்டாம் வாசிப்பு ஒத்திவைக்கப்பட்டது. திரும்பிவரும் வடிவத்தில் எண் மாறலாம். எனவே வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை விட்டுவிட்டு மசோதாவையே எடுங்கள்.

நாடாளுமன்ற இணையத்தளத்தில் 'ரங் உண்டாங்-உண்டாங்' பகுதியில் ஒவ்வொரு மசோதாவும் டி.ஆர். என்ற எழுத்துகளோடும் எண்ணோடும் ஆண்டோடும் இருக்கும், யாரும் இறக்கிக்கொள்ளலாம். பின்னாலிருந்து படியுங்கள். கடைசியில் 'ஹுராயான்' என்ற விளக்கக் குறிப்பு உண்டு; எந்த ஃபாசால் (மசோதாவின் பிரிவு) என்ன செய்கிறது என்று இரண்டு மூன்று வரியில் அது சொல்லிவிடும். உங்களைத் தொடும் ஃபாசால்களை அதில் குறித்துக்கொண்டு பிறகு முன்னால் போங்கள். 'அமைச்சர் நிர்ணயிக்கலாம்' என்று வரும் இடங்களில் கோடு போடுங்கள். இழப்பீட்டு முறை, தற்காலிக வாடகை, திரும்பக் கிடைக்கும் வீட்டின் பரப்பளவு போன்ற வயிற்றைத் தொடும் சங்கதிகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. மலாயில் எழுதுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ மட்டும் எழுதினால் படிப்பார்கள், ஆனால் கோப்பில் ஏறும் சொற்கள் உங்களுடையதாக இருக்காது. மேலே மசோதாவின் எண்ணைப் போடுங்கள். கீழே ஃபாசால் எண், அதில் இப்போதுள்ள சொற்கள், அவற்றால் உங்கள் கட்டடத்தில் யாருக்கு என்ன பாதிப்பு, அதற்குப் பதிலாக நீங்கள் கேட்கும் சொற்கள். இந்த நான்காவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 'மக்கள் பாதிக்கப்படுவார்கள், அரசு கவனிக்க வேண்டும்' என்ற மனுவை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் எதையும் திருத்த முடியாது. '75 விழுக்காடு என்பதற்குப் பின் "சொந்தமாக அங்கே குடியிருக்கும் உரிமையாளர்களில்" என்று சேர்க்கவும்' என்று எழுதினால் அவர் அதை மேலதிகாரி மேசையில் அப்படியே வைக்க முடியும். வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் வாழும் உரிமையாளர்கள் எத்தனை பேர் உங்கள் கட்டடத்தில் என்ற கணக்கையும் இணையுங்கள். 500 கையெழுத்தைவிட அந்த ஒரு கணக்கு கனமானது.

அனுப்ப வேண்டிய இடங்கள்: அமைச்சின் சட்ட ஆலோசகர் பிரிவு, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர், அந்தத் துறைக்கான சிறப்புத் தேர்வுக் குழுவின் செயலகம். கோலாலம்பூருக்குச் சட்டமன்றம் கிடையாது. இங்குள்ள 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான் உங்களுக்கு எல்லாம், எனவே 11 பேருக்கும் பிரதி போகட்டும். எதிர்க்கட்சி உறுப்பினர் குழுநிலையில், அதாவது மசோதாவைப் பிரிவு பிரிவாக அலசும் கட்டத்தில், திருத்தம் கொண்டுவந்தால் பெரும்பாலும் தோற்கும். அதே திருத்தத்தை அமைச்சரே கொண்டுவந்தால் ஐந்து நிமிடத்தில் நிறைவேறும். ஆகவே உங்கள் வாசகம் அமைச்சின் வாசகமாக மாறுவதுதான் குறி. அதற்கு இரண்டாம் வாசிப்புக்கு முந்திய வாரம் போதாது. வரைவு நிலையில் அமைச்சு நடத்தும் கலந்தாய்வுக் கூட்டத்துக்கு அழைப்பு வராவிட்டாலும் கேட்டு வாங்கிப் போங்கள். இணையம் வழி கருத்துக் கேட்பும் நடப்பதுண்டு. கால அவகாசம் குறைவாகவே இருக்கும்.

கே: ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 2007 முதல் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டே விற்கக்கூடாது என்று சொன்னார்கள். பிறகு அது காணாமல் போய்விட்டது. சிகரெட் கம்பெனிகள் வாங்கிவிட்டார்களா?
வாசகர், ஜெலுத்தோங்

ப: 'வாங்கிவிட்டார்கள்' என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. நடந்த வரிசையைச் சொல்கிறோம். 2022 ஜூலையில் வந்த மசோதா தேர்வுக் குழுவுக்குப் போனது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதோடு செத்தது. கலைப்பு எல்லா மசோதாவுக்கும் எமன்தான், அடுத்த அவை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். 2023 ஜூனில் புதிய மசோதா வந்தது. மறுபடி தேர்வுக் குழு. நவம்பரில் அதை மீட்டுக்கொண்டு, பிறந்த ஆண்டுத் தடை இல்லாத வேறொன்றை அரசாங்கம் கொண்டுவந்தது. சொல்லப்பட்ட காரணம், சட்டத்தின்முன் சமம் என்ற 8ஆம் விதியோடு அந்தத் தடை மோதும் என்ற சட்டத்துறைத் தலைவரின் கருத்து. நவம்பர் 30 அன்று மக்களவை அதை நிறைவேற்றியது. அதுதான் 852ஆம் சட்டம். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

சட்டத்துறைத் தலைவரின் கருத்துக்கு இருக்கும் எடையை இதில் பார்க்கலாம். அவர் அரசாங்கத்தின் வழக்கறிஞர், நீதிபதி அல்ல. ஆனாலும் 'வழக்குப் போட்டால் தோற்போம்' என்று அவர் ஒரு வரி எழுதிவிட்டால் அதைத் தாண்டிப் போக எந்த அமைச்சரும் துணிவதில்லை. அந்தக் கருத்தின் முழு வாசகத்தைப் பொதுமக்கள் கேட்டுப் பெறவும் வழியில்லை. கம்பெனிகளைப் பொறுத்தவரை, யார் எந்த அமைச்சரைச் சந்தித்தார், எதைக் கேட்டார் என்று பதிவு செய்ய வைக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அந்த இருட்டு இருக்கும்வரை உங்களைப் போலச் சந்தேகப்படுவது இயல்புதான். கடைக்காரர் என்ற முறையில் உங்களுக்குத் தேவையானது வேறு: பெட்டியை எங்கே வைக்கலாம், எப்படி மறைக்க வேண்டும் என்பதெல்லாம் சட்டத்தின்கீழ் வரும் விதிமுறைகளில் இருக்கிறது. அவை மக்களவையில் விவாதிக்கப்படாமலே மாறும்.

கே: மேலவை என்பது முத்திரை குத்தும் இடம்தானே?
வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

ப: பெரும்பாலும். ஒருமுறை குத்த மறுத்தது. 2018இல் ஆட்சி மாறியபோது, பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவை மக்களவை ஆகஸ்டில் நிறைவேற்றியது. செப்டம்பர் 12 அன்று மேலவை நிராகரித்தது. காரணம் எளிது. 70 செனட்டர்களில் 44 பேர் நியமிக்கப்படுபவர்கள், 26 பேர் மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்புபவர்கள். பொதுத்தேர்தல் அவர்களைத் தொடாது, பழைய ஆட்சியின் ஆட்கள் அங்கே அப்படியே இருந்தார்கள். 68ஆம் விதிப்படி மேலவையால் ஓராண்டு தள்ளிப்போட முடியும், நிதி மசோதா என்றால் ஒரு மாதம். மக்களவை ஓராண்டு காத்திருந்து 2019 அக்டோபர் 9 அன்று மறுபடி நிறைவேற்றியது. டிசம்பரில் மேலவையும் இறங்கிவந்தது.

கே: சட்டம் நிறைவேறிவிட்டது என்று செய்தியில் வந்தது. முதலாளியிடம் கேட்டால் 'இன்னும் வரவில்லை' என்கிறார். யார் சொல்வது சரி?
வாசகி, பிறை

ப: இருவரும் சரியாக இருக்கலாம். இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதா மாமன்னரிடம் போகும். 30 நாளுக்குள் ஒப்புதல் தராவிட்டாலும் தந்ததாகவே கொள்ளப்படும். பிறகு அரசாங்கப் பதிவேட்டில், அதாவது 'வார்த்தா'வில், அச்சாகும். அச்சாகாமல் அது நடப்புக்கு வராது. ஆனால் பெரும்பாலான சட்டங்களின் முதல் பிரிவிலேயே 'அமைச்சர் குறிக்கும் நாளில் நடப்புக்கு வரும்' என்று இருக்கும். அந்த நாளைக் குறிக்கும் அறிவிப்பும் தனியாக வார்த்தாவில் வர வேண்டும். நிறைவேற்றத்துக்கும் அந்த அறிவிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இரண்டாவது பேரம் நடக்கிறது. பத்திரிகைகள் அங்கே எட்டிப்பார்ப்பது குறைவு.

நம் வீடுகளில் 'ரிஜிஸ்டர்' செய்வதற்கு அடிப்படையான திருமணம், மணவிலக்குச் சட்டத்தின் ஆண்டு 1976. அது நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1 அன்று. வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18ஆக்கிய திருத்தம் 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் 211 வாக்குகளோடு, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. ஆனாலும் தேதி குறிக்கப்படாமல் கிடந்தது. இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 ஆண்டு இறுதிக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கூச்சிங் உயர் நீதிமன்றம் செப்டம்பரில் உத்தரவிட்டது. டிசம்பர் 15 அன்று நடப்புக்கு வந்தது. ஒருமனதாக நிறைவேறிய ஒன்றுக்கே இந்தக் கதி.

வேலை சம்பந்தமாகக் கேட்டிருக்கிறீர்கள். 2022 வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் வார வேலை நேரத்தை 48லிருந்து 45 மணியாகக் குறைத்தது, பேறுகால விடுப்பை 60லிருந்து 98 நாளாக்கியது, தந்தைக்கு 7 நாள் கொடுத்தது. செப்டம்பர் 1 என்று அறிவித்தார்கள். முதலாளிமார்கள் 'இப்போதுதான் கோவிட்டிலிருந்து எழுகிறோம்' என்று முறையிட, 2023 ஜனவரி 1க்குத் தள்ளிப்போனது. நான்கு மாதம் ஒரு தொழிற்சாலைக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போடலாம். இன்னொரு நுணுக்கம்: அச்சட்டத்தில் 'தொழிலாளி' யார் என்பது முதல் அட்டவணையில் இருக்கிறது, அதை அமைச்சர் ஆணை மூலமே மாற்றலாம். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்குக் கூடுதல் நேரச் சம்பள உரிமை இல்லை என்ற கோடு அப்படிப்பட்ட ஆணையால் போடப்பட்டது. அதற்கு முன் அந்தக் கோடு 2,000. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனதும் ஆணையால்தான்.

சரிபார்க்க, சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் கூட்டரசுச் சட்டத் தளத்தில் சட்டத்தின் எண்ணைத் தேடுங்கள். எண்ணுக்கு முன் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் அது திருத்தச் சட்டம். கூடவே அமலாக்கத் தேதி அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள். அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனால் முதலாளியிடம் பேச்சு சுருக்கமாக முடியும்.

கே: நீதிமன்றம் சட்டத்தை மாற்றலாமா? கட்சி தாவல் விஷயத்தில் பினாங்கில் ஒன்று, நாட்டுக்கு ஒன்று என்று குழப்பமாக இருக்கிறதே?
கல்லூரி மாணவர், ஜார்ஜ் டவுன்

ப: நீதிமன்றம் சொல்லைச் சேர்க்காது, ஆனால் எது செல்லும், எது செல்லாது என்று சொல்லும். அந்தச் சொல்லுக்குப் பயந்தோ அதை நம்பியோதான் சட்டமன்றங்கள் எழுதுகின்றன. கிளந்தான் கொண்டுவந்த கட்சி தாவல் தடையை 1992இல் அன்றைய உச்ச நீதிமன்றம் செல்லாதது ஆக்கியது. சங்கம் சேரும் உரிமையைத் தரும் 10ஆம் விதிக்கு அது முரண் என்றது. அதன்பின் இருபது ஆண்டு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2012இல் பினாங்கு துணிந்து தன் மாநில அரசியலமைப்பில் 14ஏ என்ற விதியைச் சேர்த்தது. நிழலாக 1992 தீர்ப்பு நின்றுகொண்டே இருந்தது.

2020இல் உறுப்பினர்கள் அணி மாறிய ஷெராட்டன் நகர்வால் மத்திய ஆட்சியே கவிழ்ந்த பிறகுதான் நாடாளுமன்றத்துக்கு உறைத்தது. சிறப்புத் தேர்வுக் குழு உட்கார்ந்து வாசகத்தைச் செதுக்கியது. 2022 ஜூலை 28 அன்று 209 பேர் ஆதரிக்க, கூட்டரசு அரசியலமைப்பில் கட்சி தாவலைத் தடுக்கும் 49ஏ விதி நிறைவேறி, அக்டோபர் 5 முதல் நடப்புக்கு வந்தது. இடையில் ஆகஸ்ட் 3 அன்று கூட்டரசு நீதிமன்றம் பினாங்கின் 14ஏ செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆக, இரண்டும் செல்லும்: கொம்தாரில் இயங்கும் மாநில ஆட்சிக்கு ஆதாரமான 40 சட்டமன்ற இடங்களுக்குப் பினாங்கு அரசியலமைப்பு, கோலாலம்பூருக்கு அனுப்பும் 13 நாடாளுமன்ற இடங்களுக்குக் கூட்டரசு அரசியலமைப்பு. 49ஏயில் ஓட்டை உண்டு: தாவினால் இடம் போகும், கட்சி நீக்கினால் போகாது, கட்சியே கூட்டணி மாறினாலும் போகாது. அந்த ஓட்டை வரைவாளரின் மறதியால் வந்தது அல்ல. மூன்றில் இரண்டு பங்கு வாக்குக்காக எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொள்ளக்கூடிய அளவுக்குத்தான் வலை பின்னப்பட்டது.

நாடாளுமன்றம் கைவிட்டதை நீதிமன்றம் தூக்கியதும் உண்டு. ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளையை மதம் மாற்றுவதைத் தடுக்கும் 88ஏ பிரிவு 2016 நவம்பரில் வந்த திருமணத் திருத்த மசோதாவில் இருந்தது. 2017 ஆகஸ்டில் அந்த மசோதா மீட்டுக்கொள்ளப்பட்டு, 88ஏ இல்லாத மசோதா நிறைவேறியது. ஐந்தே மாதத்தில், 2018 ஜனவரி 29 அன்று, ஈப்போவைச் சேர்ந்த ஒரு தாயாரின் வழக்கில், இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வேறு, சட்டப் புத்தகத்தில் அச்சாகும் பிரிவு வேறு. தீர்ப்பை இன்னொரு தீர்ப்பு நகர்த்தலாம். மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் எழுதிவைத்திருப்பதும் தானாக அழியாது.

கே: தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் இவ்வளவு தொகை என்று கட்டாயமாக்கும் மசோதாவை நம் நாடாளுமன்ற உறுப்பினர்களே கொண்டுவரக்கூடாதா?
பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர், பட்டர்வொர்த்

ப: முடியாது. 67ஆம் விதி அரசாங்கத்துக்குச் செலவு வைக்கும் மசோதாவையோ திருத்தத்தையோ அமைச்சர் அல்லாதவர் கொண்டுவரத் தடை போடுகிறது. செலவு வைக்காத தனி உறுப்பினர் மசோதாவைக் கொண்டுவரலாம். ஆனால் அரசாங்க அலுவலுக்கே முதலிடம் என்பதால் நேரம் கிடைக்காது. 2016 மே மாதம் பாஸ் கட்சித் தலைவரின் தனி மசோதாத் தீர்மானம் அவைக்கு வந்ததே, அமைச்சர் ஒருவர் எழுந்து அரசாங்க அலுவலை ஒதுக்கி வைத்ததால்தான்.

உறுப்பினர் செய்யக்கூடியது வரவுசெலவுத் திட்டக் குழுநிலையில் இருக்கிறது. கூட்ட முடியாது, குறைக்கலாம். அமைச்சரின் சம்பளத்தில் 10 ரிங்கிட் குறைக்கத் தீர்மானம் என்று அறிவித்து, அந்தச் சாக்கில் அவரது துறையின் குறையை மட்டும் பேசும் பழைய உத்தி ஒன்று உண்டு. தோற்கும், ஆனால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டி வரும். உங்கள் சங்கம் அந்த உறுப்பினருக்குக் கொடுக்க வேண்டியது பள்ளியின் பெயர், ஒதுக்கப்பட்ட தொகை, வந்து சேர்ந்த தொகை, தேதி. அக்டோபரில் திட்டம் தாக்கலாகும் என்றால் இதையெல்லாம் ஜூன், ஜூலையிலேயே நிதியமைச்சின் முன்வரைவுக் கலந்தாய்வுக்கு ஒரு பிரதி, உறுப்பினருக்கு ஒரு பிரதி என்று அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.